முன்னால் வந்து போனவள்

காரின் கதவை இன்னும் முழுதாகச் சாத்தவில்லை. அதற்குள் அந்த வீட்டுக்காரி படியிறங்கி வந்து, ஜுதீத்தின் இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டு, தோளைப் பிடித்துச் சற்றுத் தள்ளி நிறுத்தி முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டியா கண்ணு? அப்பாடா. ஒரு வழியா கண்டுபிடிச்சிட்டே."

வீட்டுக்கு வரும் வழியைத்தான் சொல்கிறாள் என்று ஜுதீத் நினைத்தாள். கோயிம்ப்ராவிலிருந்து காலையில் கிளம்பியவர்கள், அமாதேவு மடியில் விரித்து வைத்திருந்த வரைபடத்தை நம்பி, மூன்று முறை தப்பான சாலையில் போய்த் திரும்பியிருந்தார்கள். கழுத்தில் வியர்வை காய்ந்து பிசுபிசுத்தது.

"கண்டுபிடிச்சாச்சு. வழி சொல்றவர் கொஞ்சம் கண்ணைத் திறந்து வெச்சிருந்தா மத்தியானமே வந்திருப்போம்."

"வழியைச் சொல்லல." வீட்டுக்காரி தோனா லியோனில்த, காரிலிருந்து முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அமாதேவுவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இவரைச் சொல்றேன். உன் வீட்டுக்காரரை."

அமாதேவு சிரித்தான். ஜுதீத்தும் சிரித்துவைத்தாள். போர்ச்சுகலின் கிழக்கு எல்லையோரத்து ஜனங்கள் பேச்சை எங்கிருந்தாவது ஆரம்பித்து எங்காவது முடிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். நிலப்பதிவு அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக இவர்களைப் போன்றவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பவள் அவள்.

இந்தப் பயணம் அமாதேவுவின் யோசனை. ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிந்துவிடலாம் என்று இருவரும் சத்தம் போடாமல் பேசி முடித்திருந்தார்கள். யாரிடம் வீடு, யாரிடம் கார் என்றுகூட முடிவாகிவிட்டது. கார் அவளுக்கு, அவனுக்கு ஓட்டத் தெரியாது. ஒரு வாரம் கழித்து அவன் சமையலறை வாசலில் வந்து நின்று, "நாலு நாள் குடு ஜுதீத். நாலு கோட்டை, நாலு ஊர். ஓட்டல் வேண்டாம், ஊர்க்காரங்க வீட்டுலயே தங்கலாம். அப்புறம் நீ எங்கே கையெழுத்து போடச் சொன்னாலும் போடறேன்," என்றான். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன். அவனுக்குத் தெரிந்த ஒரே சமாதானம் இடிந்த சுவர்களுக்குப் பக்கத்தில் யாரையாவது கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவதுதான்.

வில்லார்மூரு என்ற அந்த முதல் ஊரில், வெயில் கோட்டைச் சுவரின் பின்னால் இறங்கும் நேரத்தில், தோனா லியோனில்த அவர்களை உட்காரவைத்துக் கீரை சூப் ஊற்றினாள். அடுப்பிலிருந்து பூண்டும் விறகுப் புகையும் கலந்த வாசனை வந்தது. கூரை உத்தரத்தில் எதுவோ கறுமுறுவென்று கொறித்துக்கொண்டிருந்தது. இவ்வளவுக்கும் அடியில், தரைக் கற்களின் இடுக்குகளிலிருந்து கசிவதுபோல, வெகுகாலம் வெயில் படாத தண்ணீரின் வாடை ஒன்று மெல்லிசாக ஏறி வந்து ஜுதீத்தின் மூக்கில் தங்கியது.

வீட்டுக்காரி சோள ரொட்டியை வெட்டினாள். அமாதேவுவுக்கு அப்படியே கொடுத்தாள். ஜுதீத்தின் துண்டில் மட்டும் ஓரத்துக் கெட்டித் தோலைச் சுற்றிலும் சீவி எடுத்துவிட்டு, நடுவிலிருந்த மெத்தென்ற பகுதியைத் தட்டில் வைத்தாள்.

ஜுதீத்தின் கை பாதியில் நின்றது. "உங்களுக்கு யார் சொன்னது?"

"என்னது?"

"நான் ஓரம் சாப்பிட மாட்டேன்னு."

"நீதானே சொன்னே. இடது பக்கத்துப் பல்லு ஒடஞ்சிருக்குன்னு." அவள் சாதாரணமாகக் கத்தியைத் துடைத்தாள். "மார்ச்ல வந்தியே, தவக்காலத்துல. வெளியே கை நீட்டினா கை தெரியாத பனி. இதே நாற்காலியிலதான் உட்கார்ந்தே. என் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வந்தாரான்னு எத்தனை தடவை கேட்டே! எனக்கே அழுகை வந்துடுச்சு."

"நான் இந்த ஊருக்கு வந்ததே இல்லை, தோனா லியோனில்த."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். பிறகு அமாதேவுவைப் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் வாயைக் கொடுத்துவிட்டோம் என்று புரிந்துகொண்ட முகம். "சரி சரி. வேற யாராவதா இருக்கும். நான் வாயைத் திறக்கல."

அந்தச் 'சரி சரி'தான் ஜுதீத்தை எரித்தது. பொய் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். படுக்கப் போகும்போது அமாதேவுவிடம், "நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?" என்றாள்.

"வயசான பொம்பளை. ஏதோ குழப்பம்."

"வயசா? அறுபதுகூட இருக்காது. போன வருஷம்வரைக்கும் தபால் ஆபீஸ் நடத்தினவ."

"எல்லாத்துக்கும் சண்டை போடணுமா ஜுதீத்?" என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலையில் கோட்டையைப் பார்த்தார்கள். அவன் பேசிக்கொண்டே நடந்தான். அவள் நிழல் தேடினாள். முற்றத்தின் நடுவில், கல் படிகளோடு பூமிக்குள் இறங்கும் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மழைநீரைச் சேர்த்துவைக்க அந்தக் காலத்தில் வெட்டியது. அதன் வாயருகே போனபோது முந்தின நாள் வாடை முகத்தில் மோதியது. ஊரை விட்டுக் கிளம்பி, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, உலர்ந்த புல்வெளிகளுக்கும் தக்கை மரங்களுக்கும் நடுவே அனல்காற்றில் அறுபது கிலோமீட்டர் ஓட்டிய பிறகும் அது காருக்குள் இருந்தது.

"நாத்தம் அடிக்கல?"

"என்ன நாத்தம்?" அமாதேவு வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

இரண்டாவது ஊர் பெனாஸுரா. வீட்டுக்காரர் சென்யோர் ஃபிர்மீனு, பெரிய வயிறும் பெரிய குரலும் கொண்ட ஆள். கோட்டைச் சாவியும் அவரிடம்தான். வாசலிலேயே அவர் அமாதேவுவின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார்.

"வாங்கய்யா, காணாமப் போன மனுஷா! எங்கேய்யா ஒளிஞ்சிருந்தீங்க? பொண்டாட்டியை இப்படியா ஊர் ஊரா அலைய விடுவாங்க?"

ஜுதீத் பெட்டியைத் தரையில் வைத்தாள். "நீங்க என்னை இதுக்கு முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"என்னம்மா கேள்வி இது? மூணு வாரம் முன்னாடி."

"அது நான் இல்லை."

ஃபிர்மீனு குலுங்கிச் சிரித்தார். "இருபது வருஷம் இந்த எல்லையில நின்னு காபிக்கொட்டை கடத்தறவனையெல்லாம் பிடிச்சவன் நான். மீசையை எடுத்துட்டு வருவான், பொம்பளைத் துணி கட்டிக்கிட்டு வருவான். ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தா போதும் எனக்கு." அமாதேவு பக்கம் திரும்பினார். "தனியா வந்து சாவி கேட்டாங்க, குடுத்தேன். சாயந்தரம் பார்த்தா சாவி வாசப்படியில இருக்கு, ஆளைக் காணோம். நீங்க கிடைச்சிட்டீங்க, அவசரமாப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். வர்றவங்க எல்லாரும் நோட்டுல எழுதிட்டுத்தான் போகணும். பாருங்க."

சாவி தொங்கும் ஆணிக்குக் கீழே இருந்த வருகையாளர் நோட்டை அவரே புரட்டிக் கொடுத்தார். ஒரு ஜெர்மன் குடும்பத்துக்கும் ஒரு பங்குத் தந்தைக்கும் நடுவில் அது இருந்தது. ஜுதீத் சார்மெந்தூ. கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி இழுத்து, முழுப் பெயருக்கும் அடியில் கோடாக ஓடி, ஒரு புள்ளியில் முடியும் கையெழுத்து. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவள் போடுவது.

குறிப்பு எழுதும் இடத்தில் ஒரே வரி. 'அவர் இங்கேயும் இல்லை.'

தாளைத் தொட்டாள். அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் பட்டுக் காய்ந்ததுபோல் காகிதம் அலையலையாக இருந்தது. நிமிர்ந்தபோது அமாதேவு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு வருஷத்தில் அவள் பார்த்திராத பார்வை. அது கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினான்.

"மூணு வாரம் முன்னாடி நீ போர்த்தோ போயிருந்தே."

"ஆபீஸ் பயிற்சிக்கு. பதினோரு பேர் போனோம்."

"அந்த நாலு நாளும் நீ போன் எடுக்கல."

"நீ அடிக்கவே இல்லையே!"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். "யாரோட வந்தே?"

"அமாதேவு, உனக்குக் காது இருக்கா? அந்த மனுஷர் என்ன சொன்னார்? தனியா வந்தாங்கன்னு சொன்னார். உன்னைத் தேடிக்கிட்டு வந்தாங்கன்னு சொன்னார். கள்ளத்தனமா எவனோடயாவது சுத்தறவ, போற ஊர்லயெல்லாம் புருஷனைக் காணோம்னு விசாரிப்பாளா?"

"அதுதான் எனக்கும் புரியல," என்றான் அவன் மெதுவாக.

கூட வேலை பார்ப்பவளுக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னாள். "அவ உன் சிநேகிதி. உனக்காகத்தான் பேசுவா," என்றான். பயிற்சியில் எடுத்த படங்களைப் போனில் தேடினாள். எல்லாவற்றையும் எடுத்தவள் அவளே, ஒன்றில்கூட அவள் இல்லை. போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். அழக்கூட முடியவில்லை. செய்யாத குற்றத்துக்குச் சாட்சி தேடுகிறவர்கள் எத்தனையோ பேரை அவள் கவுண்டருக்கு அந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறாள். எல்லோருமே பொய் சொல்கிறவர்கள்போலத்தான் தெரிந்தார்கள். இப்போது தன் குரலும் அப்படித்தான் கேட்டது.

மறுநாள் அல்மெந்தோசா போகும் வழியில் வானம் ஒரு பக்கமாகப் பழுப்பாகியிருந்தது. மேற்கே எங்கேயோ காடு எரிகிறது. ஜூலை மாதத்தில் அது புதிதில்லை. இரண்டு விமானங்கள் தாழ்வாகப் பறந்து போயின. எரிந்த தைல மரத்தின் மருந்து வாசனைக்குள்ளும் அந்தப் பாசித் தண்ணீர் வாடை கலையாமல் இருந்தது. சாலை வளையும்போதெல்லாம், பின் இருக்கையில் நனைந்த துணியோ எதுவோ மெல்ல நகர்ந்து சரிவதுபோல் ஓர் ஒலி கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். பெட்டிகள் இரண்டும் பின்னால் டிக்கியில் இருந்தன. இருக்கை காலி.

அல்மெந்தோசாவில் தங்க வேண்டிய இடம் ஒரு ரொட்டிக் கடையின் மாடி. கடையை நடத்தும் பெனதீத்தா முப்பது வயதுக்காரி, கையெல்லாம் மாவு. உள்ளே நுழைந்த ஜுதீத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, நேத்துதானே போனீங்க! அதுக்குள்ள பசிச்சிடுச்சா?" என்று ஆரம்பித்தவள், பின்னால் வந்த அமாதேவுவைக் கண்டதும் பேச்சை விழுங்கிவிட்டாள்.

நேற்று.

அமாதேவு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான். நேற்று அவள் முழு நாளும் அவன் பக்கத்தில்தான் இருந்தாள், காரில், கோட்டையில், சண்டையில். அதாவது, வந்துபோனது அவள் இல்லை என்று அவனுக்கு இப்போது தெரியும். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து, 'இப்போ சொல்லு, இப்போ சொல்லு' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவன் படியேறிய விதத்தில் மன்னிப்புக் கேட்கிறவனின் தளர்ச்சி எதுவும் இல்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டு ஏறினான்.

பெனதீத்தா அவள் முழங்கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போனாள். அடுப்புச் சுவரின் சூடு முதுகில் அடித்தது.

"நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டாரு," என்று கிசுகிசுத்தாள். "நான் எதையும் காட்டிக்கல. ஆனா அவ எங்கே?"

"எவ?"

"நீங்கதானே சொன்னீங்க. என் புருஷன் இன்னொருத்தியோட கார்ல வந்துட்டிருக்காரு, நாளைக்கு இங்கே வருவாங்க, நீ எதுவும் கேட்காதேன்னு." பெனதீத்தாவின் பேச்சு வேகம் குறைந்தது. "அவ பார்க்கறதுக்கு அச்சு அசல் என்னை மாதிரியே இருப்பா. ஏமாந்துடாதேன்னு..."

நிறுத்தினாள். பிடித்திருந்த முழங்கையை விட்டாள். ஒரு அடி பின்னால் போனாள்.

"நீங்க..." என்றாள். கேள்வியை முடிக்கவில்லை.

"நான் ஜுதீத். நான்தான் ஜுதீத்."

"அவங்களும் அதைத்தான் சொன்னாங்க," என்றாள் பெனதீத்தா. உள்ளே போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

ஜுதீத் தெருப்பக்கமாகச் சுற்றி வந்து மாடிக்கு ஓடிப் பெட்டிகளை எடுத்தாள். "வீட்டுக்குப் போறோம். இப்பவே." ஆச்சரியமாக, அமாதேவு மறுக்கவில்லை. ஆனால் ஊரைத் தாண்டி ஏழு கிலோமீட்டரில் சாலையின் குறுக்கே தீயணைப்பு வண்டி நின்றது. முகமெல்லாம் கரியான ஒருவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"மேற்கே எல்லா ரோடும் மூடியாச்சு. திரும்புங்க."

"நாங்க கோயிம்ப்ரா போகணும்."

"நான்கூட லிஸ்பன் போகணும், பீச்சுல படுக்கணும். தீ விட மாட்டேங்குதேம்மா. மொன்செரூலுக்கு ஏறிப் போயிடுங்க. அங்கேதான் சுத்தி மரம் இல்லை, கோட்டைச் சுவர் இருக்கு. வேற வழியே இல்லை."

மொன்செரூல்தான் அவர்களுடைய நான்காவது ஊர்.

ஸ்டியரிங்கில் இரண்டு கைகளாலும் அடித்தாள். ஹாரன் ஒலித்தது. தீயணைப்புக்காரன் ஏற்கெனவே அடுத்த காரிடம் போயிருந்தான். வண்டியைத் திருப்பினாள்.

மலைச்சாலை பாம்புபோல் ஏறியது. சூரியன் புகைக்குப் பின்னால் செம்பு நாணயம்போல் தொங்கியது. வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. மணி மூன்றுதான், ஆனால் கற்பாறைகளுக்கு நிழலே இல்லாத ஆரஞ்சு வெளிச்சம். பூச்சிகளின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றான் அமாதேவு. இரண்டு நாளில் முதல் தடவையாக அவன் குரல் மென்மையாக இருந்தது. "அவங்க எல்லாரும் சொல்ற அந்தப் பொம்பளை... யாரோ, எவளோ... அவ என்னைத் தேடிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சிருக்கா. பனியில. வெயில்ல. வாசல் வாசலா ஏறி, அவர் வந்தாரா, அவர் வந்தாரான்னு கேட்டு அழுதிருக்கா."

"அதுக்கு?"

"பதினேழு வருஷத்துல நீ என்னைத் தேடி பக்கத்து ரூமுக்குக்கூட வந்ததில்லை ஜுதீத்."

அவளுக்குப் பதில் இருந்தது. ஒன்றல்ல, பத்து. அடுத்த வளைவுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வளைவு வந்தது. போனது.

ஊர் வாசலுக்கு வெளியே காரை நிறுத்திப் பூட்டினாள். மொன்செரூலின் ஒரே தெரு கல் பாவியது. இருபுறமும் வெள்ளை வீடுகள், சாத்திய ஜன்னல்கள். சாம்பல் துகள்கள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு கதவு திறந்திருந்தது. அதில் நின்ற நடுத்தர வயதுக்காரிதான் ஒத்தீலியா, அவர்களுக்கு அறை தருவதாக எழுதியிருந்தவள்.

அவள் ஜுதீத்தைப் பார்த்தாள். முத்தமிட வரவில்லை. கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, மீதி இடைவெளியில் நின்று, அமாதேவுவிடம் மட்டும் பேசினாள்.

"சென்யோர் அமாதேவு, உங்க வீட்டம்மா காலையிலேயே வந்துட்டாங்க. மேலே கோட்டையில காத்திருக்காங்க. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. அவர் வந்ததும் சேர்ந்து சாப்பிடறேன்னாங்க."

"என் மனைவி இதோ இருக்கா," என்று அவன் சொல்ல வேண்டும். ஜுதீத் காத்திருந்தாள். தெருவில் அவ்வளவு அமைதி. சாம்பல் விழுவதுகூடக் கேட்கும்போல் இருந்தது.

"மேலேயா?" என்றான் அமாதேவு.

"நேராப் போனா வாசல்." ஒத்தீலியாவின் கண் ஒரு கணம் ஜுதீத்தின் மேல் வந்து, உடனே விலகியது. "இவங்க யாரு?"

அவன் நடக்க ஆரம்பித்திருந்தான். முதுகுவலிக்காரன், படி ஏறினால் மூச்சு வாங்குகிறவன், இளைஞன்போல் நடந்தான்.

"அமாதேவு! நில்லு!"

அவள் பின்னால் ஓடினாள். கல்லில் செருப்பு வழுக்கியது. தெரு வளைந்தது, அவன் சட்டையின் நீலம் ஒரு மூலையில் தெரிந்து மறைந்தது. அடுத்த மூலையில் மறுபடி தெரிந்து மறைந்தது. கோட்டை வாசலின் இருட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வந்தபோது முற்றம் வெறிச்சென்று கிடந்தது. உடைந்த சுவர்கள், காய்ந்த முள்செடிகள், நடுவில் தண்ணீர்த் தொட்டியின் கறுப்பு வாய். மூன்று நாளாக விடாமல் வந்த அந்த வாடை இங்கே காற்றாகவே இருந்தது. மூச்சு இழுத்தால் நாக்கில் பாசி ருசித்தது.

தொட்டியின் படிகளிலிருந்து மேலே ஏறிவந்திருந்தன ஈரக் கால் தடங்கள்.

வெறுங்கால். பெண்ணின் கால். சூடான கல்லில் ஓரங்கள் காய்ந்துகொண்டே வந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மறைந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் சாம்பலின் மேல் அமாதேவுவின் காலணித் தடம். இரண்டும் எதிரெதிராக வந்து ஓரிடத்தில் நின்றிருந்தன. அதன் பிறகு இரண்டும் சேர்ந்து, ஒரே திசையில்.

சிரிப்புச் சத்தம் கேட்டது.

அமாதேவுவின் சிரிப்பு. வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பது. அந்தச் சிரிப்பை அவள் கேட்டு எத்தனை வருஷம்? பிறகு ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது. ஒலிப்பதிவில் கேட்கும்போது, இதுவா நம் குரல் என்று கூச்சப்படுவோமே, அந்தக் குரல்.

"எவ்வளவு நாளாத் தேடறேன் தெரியுமா உன்னை," என்றது அது.

"எனக்குத் தெரியாமப் போச்சு," என்றான் அவன். "எனக்குத் தெரியவே இல்லை."

சுவரின் மறுபக்கத்திலிருந்துதான். ஓடினாள். மறுபக்கத்தில் யாரும் இல்லை. குரல் இப்போது வலப்பக்கம். வலப்பக்கம் ஓடினாள். இடிந்த வளைவு. முள். யாரும் இல்லை. அவன் பெயரைக் கத்தினாள். சுவர்கள் அந்தப் பெயரைத் திருப்பித் தந்தன, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் இனிமையாக, அவள் ஒருபோதும் அவனைக் கூப்பிட்டிராத விதத்தில்.

மதிலுக்கு ஏறும் படி. கைப்பிடி இல்லாத படி. ஏறினாள். மேலிருந்து எல்லாம் தெரியும். ஊர் தெரியும். தெரு தெரியும். ஏறினாள். முழங்கால் சிராய்த்தது. மூச்சு.

மேலே வந்தாள்.

கீழே ஊர் வாசல். அதற்கு வெளியே அவள் கார்.

கார் நகர்ந்துகொண்டிருந்தது.

கையைப் பாவாடைப் பையில் விட்டாள். சாவி இருந்தது. எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையில், அவளுடைய சாவி, அவளுடைய வியர்வையில். கீழே அவளுடைய கார் பின்னால் வந்து, நின்று, வளைந்தது. ஸ்டியரிங்கை ஒரே வீச்சில் திருப்பி, முன்பக்கத்தைச் சாலைக்குக் கொண்டுவரும் வழக்கம். அவளுடைய வழக்கம்.

"அமாதேவு!"

தொண்டை கிழிந்தது. "அமாதேவு! நான் இங்கே! இங்கே!"

கார் நின்றது.

அவன் இறங்கினான். மறுபக்கத்துக் கதவும் திறந்தது. அவளும் இறங்கினாள். குட்டையாக வெட்டிய முடி. இடுப்பில் ஒரு கையை வைத்து நிற்கும் விதம். அவள் நிமிர்ந்து பார்த்தபோது, அத்தனை தூரத்திலும், அந்தப் புகை வெளிச்சத்திலும், ஜுதீத்துக்கு முகம் தெரிந்தது. தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற முகம். அதில் சந்தோஷம் இருந்தது.

அமாதேவு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மதிலைப் பார்த்தான். நேராக அவளைப் பார்த்தான். அவள் இரண்டு கைகளையும் வீசினாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு பக்கத்தில் நின்றவளிடம் குனிந்து ஏதோ கேட்டான். அந்தப் பெண்ணும் ஒரு முறை மேலே பார்த்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

அவன் மறுபடி நிமிர்ந்தான். வெளியூர்க்காரர் யாராவது மலை மேலிருந்து கையசைத்தால் நாம் செய்வோமே, அதுபோல மரியாதைக்கு ஒரு கையை உயர்த்தி அசைத்தான். பிறகு காரைச் சுற்றிப் போய் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தான். அவள் உட்காரும்வரை நின்று, மெதுவாகச் சாத்தினான்.